வீட்டு பீரை விற்பனைக்குக் கொண்டுவரலாமா? வேலையை விடலாமா?

03.03.2024 | கேள்வி

அண்ணா, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து எழுதுகிறேன். நாலு வருஷமாக வீட்டு கராஜில் பீர் காய்ச்சுகிறேன். ஒரு தடவைக்கு 5 கேலன் (சுமார் 19 லிட்டர்). என் பேல் ஏலை (வெளிர்நிற பீர் வகை) குடித்த நண்பர்கள் எல்லோரும் "கடை போடு, நாங்களே தினமும் வருகிறோம்" என்கிறார்கள். கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. ஐடி வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன புரூவரி (பீர் ஆலை) ஆரம்பிக்கலாமா? நீங்கள் செய்து பார்த்தவர், அதனால் கேட்கிறேன். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

03.03.2024 | இரவு 10.40

வேலையை இப்போது விடாதீர்கள்.

காசு கொடுக்காமல் குடித்தவர்களின் பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சூடான பக்கோடாவோடு குடித்த பீர் அது. நன்றாகத்தான் இருந்திருக்கும். உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு டாலர் கொடுத்து ஒரு பைன்ட் (பெரிய கிளாஸ்) வாங்கி, குடித்து முடித்துவிட்டு இரண்டாவதும் அதையே கேட்பது வேறு.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பேல் ஏலை எத்தனை தடவை காய்ச்சியிருக்கிறீர்கள்? அதே மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), அதே ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ), அதே ஈஸ்ட் (புளிக்கவைக்கும் நுண்ணுயிர்), எதையும் மாற்றாமல்? வீட்டில் காய்ச்சுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பார்கள். அதில்தான் சந்தோஷம், நானும் அப்படித்தான் இருந்தேன். விற்க ஆரம்பித்தால் போன மாதம் குடித்த அதே ருசியைத் தேடி ஆள் வருவார். அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கத் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

04.03.2024 | காலை

நேற்று விட்டுப்போனது, சட்டம். கராஜில் காய்ச்சியதை ஒரு பாட்டில்கூட விற்க முடியாது. இந்த நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு வழி திறந்த சட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டது 1978 அக்டோபர் 14. அது நடைமுறைக்கு வந்தது 1979 பிப்ரவரி 1. வீட்டில் பெரியவர் ஒருவர் என்றால் வருஷத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் 200. குடிக்கலாம், பகிரலாம், விற்கக் கூடாது.

"அப்படியானால் கராஜுக்கே லைசென்ஸ் எடுக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். குடியிருக்கும் வீட்டில் புரூவரி வைக்கக் கூடாது என்பது மத்திய விதி. இடத்தைப் பிடித்த பிறகுதான் விண்ணப்பமே. மத்திய விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு மத்திய அனுமதி, மாநில லைசென்ஸ், நகராட்சி ஒப்புதல் எல்லாம் சேர்ந்து 7 மாதம் ஆனது. அந்த 7 மாதமும் ஒரு சொட்டு பீர் விற்காமல் மாதம் 4,200 டாலர் கட்டினேன். உங்கள் சேமிப்பிலிருந்து முதலில் இதைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

09.03.2024

"டாங்க்தானே அண்ணா பெரிய செலவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தரை.

நான் எடுத்தது பழைய கார் உதிரிபாகக் கிடங்கு. தரை வழுவழுவென்று மட்டமாக இருந்தது, பார்த்ததும் பிடித்துப்போயிற்று. புரூவரிக்கு மட்டமான தரை ஆகாது. ஒரு நாள் வேலையில் நூற்றுக்கணக்கான கேலன் தண்ணீர் தரையில் விழும். எல்லாம் ஒரு பக்கமாக ஓட வேண்டும், ஓடிப்போய் விழ ஒரு வாய்க்கால் வேண்டும். கான்கிரீட்டை அறுத்து, நீளமாக ஒரு கால்வாய் இறக்கி, சுற்றிலும் சரிவு கொடுத்து மறுபடி பூசினோம். டாங்குகளுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அதற்குப் போனது. அப்புறம் மூன்று கட்ட மின்சாரம், நீராவிக்குப் புகைபோக்கி, கிளைகால் (glycol) என்ற உறையாத திரவத்தைச் சுற்றவிட்டு டாங்குகளைக் குளிர்விக்கும் இயந்திரம், கெக் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) வைக்கும் குளிர் அறை.

கழிவு நீரையும் மறக்காதீர்கள். பீரும் ஈஸ்ட்டும் சாக்கடைக்குள் போனால் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுமை அதிகம். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி அதை நினைக்க முடியாது. நகராட்சி கேட்கும், பதில் தயாராக இருக்க வேண்டும். மால்ட்டின் சாறு இறக்கிய சக்கையை மட்டும் பக்கத்துப் பண்ணைக்காரர் மாடுகளுக்கு எடுத்துப்போகிறார். அவர் வராத வாரம் கோடை வெயிலில் அந்தத் தொட்டிப் பக்கம் போக முடியாது.

இடம் பார்க்கப் போனால் முதலில் தரையைப் பாருங்கள். ஒரு பந்தை வைத்து எந்தப் பக்கம் உருளுகிறது என்று பாருங்கள். மாமனார் வீடு பார்க்கும்போது வாஸ்து பார்த்தார், நான் இப்போது எங்கே போனாலும் வடிகால் பார்க்கிறேன்.

இனி வரவு. எங்களுடையது 5 பேரல் அமைப்பு. ஒரு பேரல் 31 கேலன். கழிவு போக ஒரு பேட்ச்சில் (ஒரு தடவை காய்ச்சுவதில்) 9 பெரிய கெக் கிடைக்கும். ஒரு கெக் 15.5 கேலன், அதாவது 124 பைன்ட். ஒரு பாருக்கு மொத்தமாகக் கொடுத்தால் கெக்குக்கு 180 டாலர். எங்கள் கவுன்டரிலேயே பைன்ட் 7 டாலருக்கு விற்றால் 868 டாலர். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

10.03.2024

நேற்றைய கணக்கைத் திருத்துகிறேன். 124 என்பது காகிதத்தில். நுரையில் போகும், குழாயில் தங்கும், "கொஞ்சம் ருசி பார்க்கலாமா" என்பவர்களுக்குப் போகும். 110 வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கெக்குக்கு 770. அதிலிருந்து விற்பனை வரி, கவுன்டர் ஆளின் சம்பளம், கார்டு கட்டணம் எல்லாம் கழியும். கழிந்தாலும் 180-ஐ விட நிறைய மேலேதான் நிற்கும்.

சின்ன புரூவரி பிழைப்பது சொந்தக் கவுன்டரில்தான். கலிஃபோர்னியாவில் சின்ன உற்பத்தியாளருக்கான லைசென்ஸில் காய்ச்சும் இடத்திலேயே ஊற்றி விற்கலாம், கடைகளுக்கு நேரடியாகவும் கொடுக்கலாம். நடுவில் விநியோகஸ்தர் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை.

வரி என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். சின்ன புரூவரிக்கு மத்திய கலால் வரி பேரலுக்கு மூன்றரை டாலர், மாநில வரி கேலனுக்கு 20 சென்ட், அதாவது பேரலுக்கு 6 டாலர் 20 சென்ட். மொத்தம் 9 டாலர் 70 சென்ட். இதனால் யாரும் கடையை மூடவில்லை. வாடகையால் மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

16.03.2024

"அப்படியானால் 1 பேரல் அமைப்பில் சின்னதாக ஆரம்பித்துப் பார்க்கிறேன்." இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

ஜாக் மக்காலிஃப் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். ஸ்காட்லாந்தில் பணி. அங்கே குடித்த ஏலை மறக்க முடியாமல் ஊர் திரும்பி, 1976-இல் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற புரூவரியைத் தன் கையாலேயே கட்டினார். பழைய பால்பண்ணைச் சாமான்களை வெட்டி ஒட்டி எழுப்பியது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றரை பேரல், 45 கேலன். பீர் நன்றாக இருந்தது, பத்திரிகைகள் எழுதின, ஆட்கள் தேடி வந்தார்கள். 1982-இல் மூடிவிட்டார். ஒன்றரை பேரல் காய்ச்சினாலும் பத்து பேரல் காய்ச்சினாலும் ஒரு முழு நாள் வேலை அதேதான்.

கென் கிராஸ்மன் சிக்கோவில் வீட்டு பீருக்கான சாமான் கடை வைத்திருந்தவர். நியூ ஆல்பியனுக்குப் போய்ப் பார்த்தார். இந்த அளவு பத்தாது என்று புரிந்துகொண்டு, பால் கமுசியோடு சேர்ந்து சியரா நெவாடாவை 10 பேரலில் கட்டினார். அவரும் பால்பண்ணை டாங்குகளைத்தான் தேடிப் பிடித்தார். 1980 நவம்பரில் முதல் காய்ச்சல். பேல் ஏல் மனசுக்குப் பிடித்த மாதிரி, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும்வரை பேட்ச் பேட்ச்சாகச் சாக்கடையில் கொட்டினார்கள். கையில் காசே இல்லாத சமயத்தில் கொட்டியது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வரும்.

இதனால் 1 பேரல் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. வேறு வருமானம் இருந்து, சனி ஞாயிறு மட்டும் திறந்தால் தாங்கலாம். குடும்பத்துக்கு அதிலிருந்தே சாப்பாடு என்றால் தாங்காது.

24.03.2024

பீர் காய்ச்சுவதை ஊரில் சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, ஆரம்பத்தில் சொல்லவில்லை. அம்மாவிடம் "பானம் தயாரிக்கும் கம்பெனி" என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். நம் ஊரில் "அவன் காய்ச்சுகிறான்" என்றால் அர்த்தமே வேறு. அப்புறம் அம்மா இங்கே வந்தபோது நேராகக் கூட்டிப்போய்க் காட்டினேன். புளிக்கும் டாங்கின் குழாயிலிருந்து வாளிக்குள் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன தடவை மிச்சத்தைத்தான் உறை ஊத்துறியா?" என்று கேட்டார். அதேதான். ஒரு பேட்ச்சின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை எடுத்து அடுத்ததற்கு விடுகிறோம். எட்டு பத்து தலைமுறை போனதும் புது ஈஸ்ட் வாங்குகிறோம்.

13.04.2024

ரெசிபியை அப்படியே முப்பதால் பெருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மால்ட்டை ஓரளவு பெருக்கலாம். ஹாப்ஸைப் பெருக்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வீட்டில் 5 கேலனைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்தால் ஐஸ் தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆற்றிவிடலாம். 5 பேரலை அப்படிச் செய்ய முடியாது. சுழலவிட்டு, கசடு நடுவில் படியக் காத்திருந்து, குளிர்விப்பான் வழியாக டாங்குக்கு அனுப்பி முடிக்க ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் திரவம் கொதிநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். வாசனைக்கு என்று கடைசியில் போட்ட ஹாப்ஸ் கசப்பையும் விட்டுக்கொண்டே இருக்கும். கொதிக்கும்போது ஆவியாகும் விகிதமும் வேறு. என் முதல் வியாபாரப் பேட்ச் வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது. பாதியை விற்றேன், மீதியைக் கொட்டினேன். பாதியையும் விற்றிருக்கக் கூடாது. அன்றைக்கு அதைக் குடித்துவிட்டுப் போன சிலர் திரும்பி வரவே இல்லை.

14.04.2024

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இன்றைக்கு எங்கள் கவுன்டர்க் குழாயில் கொத்தமல்லி விதை போட்ட கோதுமை பீர். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பெல்ஜியத்தில் வெள்ளை பீருக்குக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பழைய வழக்கம். அழிந்துபோன அந்த வகையை 1960-களில் ஹூகார்டன் ஊரில் மீட்டவர் பியர் செலிஸ், ஒரு பால்காரர். (பீர் வரலாற்றில் எங்கே திரும்பினாலும் பால் வந்துவிடுகிறது.)

இங்கே பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் உருண்டை விதையை விட நம் ஊர்க் கடையில் வாங்கும் நீள்வட்ட விதையில் எலுமிச்சை வாசனை கூடுதல். வறுக்கக் கூடாது, வறுத்தால் சாம்பார் வாசனை வந்துவிடும். மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று, விதை இரண்டாகப் பிளந்தால் போதும். கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட வேண்டும்.

11.05.2024

"ஏன் அண்ணா எப்போதும் கழுவுவதைப் பற்றியே பேசுகிறீர்கள்?"

2021 கோடை. இரண்டு பேட்ச் தொடர்ந்து லேசாகப் புளித்தது. மால்ட்டைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், ஈஸ்ட் விற்றவரைக்கூட ஃபோனில் பிடித்தேன். டாங்கின் உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது. சூடான காரக் கரைசல், அலசல், அமிலம், கிருமிநாசினி என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் மாதிரி எடுக்கும் சின்ன வால்வைக் கழற்றினேன். சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். உள்ளே ரப்பர் வளையத்துக்குப் பின்னால் விரலை விட்டால், வெந்தயம் ஊறின தண்ணீர் மாதிரி ஒரு வழவழப்பு. முகர்ந்தால் மோர் வாசனை. அங்கே குடியிருந்த பாக்டீரியா, நான் ருசி பார்க்கத் திறந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. அந்த வளையத்தின் விலை ஒரு டாலர்கூட இல்லை. கொட்டியது 10 பேரல்.

அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் எல்லா வால்வையும் கழற்றி மேசைமேல் பரப்பிவிடுவோம். காய்ச்சுவது வாரத்தில் ஒரு நாள், கழுவுவது மூன்று நாள். கழுவுவது பிடிக்காதவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

12.05.2024

ஒரு விஷயம், தமாஷ் இல்லை. புளிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது. குளிர் அறையில் தரையோடு தேங்கும். கெக் குழாய் கசிந்தாலும் அப்படித்தான். எச்சரிக்கைக் கருவி இல்லாமல் குளிர் அறைக்குள் யாரும் போகக் கூடாது. டாங்குக்குள் தலையை விடவே கூடாது. கராஜில் நாலு வாளி வைத்திருப்பவர்களும் கதவைத் திறந்து வையுங்கள்.

01.06.2024

சான் ஃபிரான்சிஸ்கோவின் பழைய புரூவரியான ஆங்கரை, சொபானி தயிர்க் கம்பெனியின் ஹம்தி உலுகயா வாங்கியிருக்கிறார் என்று நேற்று செய்தி. மறுபடியும் பால்! போன வருஷம் ஜூலையில் மூடுவதாக அறிவித்தபோது ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. 1896-இலிருந்து அந்தப் பெயர் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தது. 1965-இல் மூடும் நிலைக்கு வந்தபோது ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் பங்கு வாங்கிக் காப்பாற்றினார். காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை மணக்கும் லிபர்ட்டி ஏல் என்ற பீர் 1975-இல் அங்கே பிறந்தது. நாம் இன்று குடிக்கும் அமெரிக்கப் பாணிப் பேல் ஏல், ஐபிஏ (ஹாப்ஸ் கூடிய ஏல்) எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். திறக்கட்டும், முதல் நாளே போய் வரிசையில் நிற்பேன்.

08.06.2024

கேனைப் பற்றிக் கேட்டவருக்கு. 2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது குளிர் அறையில் 30 கெக் நின்றது, ஊற்ற ஆள் இல்லை. கேனில் அடைத்தவர்கள் வாசலில் வைத்து விற்றுப் பிழைத்தார்கள். சொந்த இயந்திரம் வாங்கக் காசு இல்லாததால், லாரியில் இயந்திரத்தோடு வந்து அடைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் நாள் குறித்தோம். அவருக்கு அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது. பீர் தயாராகவில்லை. கடைசி ஹாப்ஸ் போட்டு இரண்டே நாள். இருந்தாலும் அடைத்தோம்.

புளித்து முடிந்த பீரில் ஹாப்ஸைப் பச்சையாகப் போட்டால், அதில் இருக்கும் என்சைம் மிச்சமிருக்கும் பெரிய சர்க்கரைகளை உடைக்கும். தூங்கின ஈஸ்ட் மறுபடி எழுந்துவிடும். டாங்கில் நடந்தால் பரவாயில்லை, காத்திருக்கலாம். மூடிய கேனுக்குள் நடந்தால்? மூன்றாவது வாரம் ஒரு அம்மா ஃபோன் செய்து, "உங்கள் கேன் எல்லாம் வயிறு உப்பி நிற்கிறது" என்றார். வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினோம், காசையும் கொடுத்தோம். அதில் பாதிப் பேர் இன்றைக்கும் எங்கள் கவுன்டருக்கு வருகிறவர்கள்.

லாரி வரும் நாளுக்காக பீரை அவசரப்படுத்தக் கூடாது. சர்க்கரை தீரத் தீர பீரின் அடர்த்தி இறங்கும். அது மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் அடைப்பது.

22.06.2024

பேல் ஏலை மறுபடி காய்ச்சி, முக்கோணச் சோதனை செய்தீர்களே, அதற்கு. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பேட்ச், ஒன்றில் வேறு பேட்ச். வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.) 12 பேரில் 9 பேர் சரியாகச் சொன்னார்கள் என்கிறீர்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே 4 பேர் சரியாகச் சொல்வார்கள். 8 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் இரண்டு பேட்ச்சும் அநேகமாக நிஜமாகவே வேறு. உங்களுக்குத் தெரியாமல் இரண்டு பீர் செய்திருக்கிறீர்கள்.

23.06.2024

இரவு படுத்தபிறகு உறைத்தது. சோதனையை நான் சரியாகச் சொல்லித் தரவில்லை. நீங்கள் ஒப்பிட்டது ஐந்து வாரம் பழைய பீரையும் புது பீரையும். ஹாப்ஸ் வாசனை அதற்குள் இறங்கியிருக்கும், யாருக்கும் தெரியும். ஒரு வார இடைவெளியில் இரண்டு பேட்ச் காய்ச்சி, இரண்டையும் ஒரே வயதில் குளிரில் வைத்துப் பாருங்கள். கராஜ் சூடு ஏறி இறங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்கி, 19 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள்.

10.08.2024

ஒரே வயதுப் பேட்ச்களை வைத்துச் செய்த புதுச் சோதனையில் 12-க்கு 5. சபாஷ்! இது குருட்டாம்போக்கிற்குப் பக்கத்தில். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை. நாலு வருஷம் வாங்கின பாராட்டை விட இந்த 5 பெரியது.

மார்ச்சில் "விடாதீர்கள்" என்று ஒரே வரியில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றுகிறேன். வேலை இருக்கட்டும். மாதம் இரண்டு செவ்வாய் லீவு போட்டு இங்கே வாருங்கள், சம்பளம் உண்டு. காலை 6 மணி. ரப்பர் பூட்ஸ் கொண்டு வர வேண்டும்.

14.09.2024

தம்பி மூன்று செவ்வாய் வந்துவிட்டார். இரண்டாவது நாள் நான் ஃபோனில் இருந்தபோது, யாரும் சொல்லாமலே மாதிரி வால்வைக் கழற்றி வளையத்துக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவருடைய பேல் ஏலை எங்கள் 5 பேரலில் காய்ச்சினோம். வீட்டு ரெசிபிதான், காய்ச்சியது லைசென்ஸ் உள்ள இடத்தில், அதனால் விற்கலாம். கடைசி ஹாப்ஸை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தேன். அவருக்கு அதில் சம்மதமில்லை, ஒரு மணிநேரம் வாதாடினார். குடித்துப் பார்த்துத்தான் யார் சரி என்று தெரியும்.

இன்று காலை அடர்த்தி 1.014. 1.011 வரை இறங்க வேண்டும். கேன் லாரிக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.